மூன்றாவது ஹெட்போன்

"இதில தபேலாதான் தலைக்குள்ள இடிக்கு" என்று முதல் ஹெட்போனைக் கழற்றினார் எலியேசர்.

ராஜபாளையத்துக் கேசட் கடைக்காரர் பொன்னுராஜ் அடுத்த ஹெட்போனை ஒரு சின்னப் பெட்டியில் செருகினார். "ஹெட்போனுக்குன்னே செஞ்ச ஆம்ப்ளிஃபயர் சார். சிங்கப்பூர்ல இருந்து வந்தது."

"குரல் இனிமையா இருக்கு. ஆனா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது."

பக்கத்தில் மனைவி கிருபாபாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கேசட்டில் பாடியது ஸ்ரீவில்லிபுத்தூரில் எலியேசர் நடத்தும் சர்ச் பாடகர் குழு. யாரோ ஒருவர் சுருதி விலகிப் பாடுகிறார்; அது யார் என்று கண்டுபிடிக்கத்தான் இங்கே வந்திருந்தார்கள். குழுவில் பாடும் இன்பம் என்ற பெண்தான் என்று நினைத்து, போன வாரம் அவளை நிறுத்திவிட்டார். அவள் இல்லாமல் பதிவு செய்த இந்தக் கேசட்டிலும் அதே பிசிறு. கிறிஸ்துமஸுக்கு ஒன்பதே நாள். அடுத்த சந்தேகம் அதே குழுவில் பாடும் தன் மேல்தான் என்று கிருபாபாய்க்குத் தெரியும்.

மூன்றாவதை மாட்டியதும் எலியேசர் கத்தினார். "பொன்னுராஜ், இதில ஒவ்வொரு குரலும் தனித்தனியா கேக்கு!"

ரீவைண்ட் செய்யச் சொல்லி மறுபடி கேட்டார். முகம் வெளிறியது. மெல்லக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"நானா?" அவள் சேலைத் தலைப்பை விட்டாள். "பரவாயில்ல, சொல்லுங்க. நின்னுக்கிடுதேன்."

"நீ நல்லாத்தான் பாடுத. எந்திரி, இன்பம் வீட்டுக்குப் போகணும்."

"அப்ப யாருங்க அது?"

எலியேசர் தலை குனிந்தபடி செருப்பை மாட்டினார்.

"எல்லாருக்கும் முன்னால நின்னு கையை ஆட்டிக்கிட்டே கூடப் பாடுதானுல்ல, ஒருத்தன். அவன்தான்."