ஏழிலிருந்து எட்டு வரை

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்த ஸமீஹா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழிலிருந்து எட்டு வரை தெரு முழுக்க விளக்கை அணைக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மூன்று மாதமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா இந்தக் கரண்ட்?

நெல்லித்தோப்பில் அந்தத் தெருவில் நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களை மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, குண்டு பல்பை அணைக்கச் சொல்லி, உள்ளே சுற்றும் சக்கரம் எப்படி நிதானத்துக்கு வருகிறது என்று காட்டியிருக்கிறாள். அதே இடத்தில் சி.எஃப்.எல். பல்பை மாட்டி, சக்கரம் இப்போதும் அவசரப்படவில்லை பாருங்கள் என்பாள். தலையாட்டுவார்கள். டீ கொடுப்பார்கள். அவள் படியிறங்கியதும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக்காரர் கிளோத் மட்டும் தலையைக்கூட ஆட்டவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, தெருவுக்கு அவர் முசே. அவர் வாசலில் நூறு வாட் குண்டு பல்பு மூன்று, ஆறு மணிக்கே எரிய ஆரம்பித்துவிடும்.

"என் சக்கரம் ஓடிட்டுப் போவட்டும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தார்.

சேதராப்பட்டில் அவள் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனியிலும் இதே கதைதான். பட்டப்பகலில் ஷெட் முழுக்க விளக்கு எரியும். கூரையில் நாலு இடத்தில் வெளிச்சம் விடுகிற ஷீட் போட்டால் வெயிலே போதும் என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தபோது, மேனேஜர் இராமதாஸ் சிரித்தார்.

"மொதல்ல ஒன் தெரு கேக்குதான்னு பாரு. முப்பது வீடு அணைச்சாங்கன்னு ஒன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. மறுநாளே கூரையப் பிரிச்சிடலாம்."

கண்ணால் பார்க்க இப்போது என்ன இருக்கிறது?

கரண்ட் போனால் இந்தத் தெருவில் யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். போட்டது போட்டபடி கிடக்கும். வந்தால் தெரிய வேண்டாமா?

எதிர்வாசலில் ஒரு சிகரெட் முனை சிவந்தது.

"ஒன் பேச்ச தெரு கேக்குதோ இல்லியோ, கரண்டு கேட்டுக்கிச்சும்மா!"

தெருவே சிரித்தது. ஸமீஹாவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி விசிறியோடு வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"போயி, எல்லாரும் அணைச்சாங்கன்னு சொல்லிடேண்டி. பொய்யா அது? தெருவே இருட்டாதான இருக்குது?"

ஸமீஹா இருட்டுத் தெருவைப் பார்த்தாள். சொல்லலாம். இராமதாஸ் நம்பவும் செய்வார். ஆனால் அதே வாயோடு அடுத்த முறை எந்த மீட்டர் முன்னால் போய் நிற்பது?

மாதா கோயில் மணி ஏழு அடித்தது.

அஞ்சலாட்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். சிகரெட் முனையும் எழுந்து உள்ளே போயிற்று. அங்கங்கே நாற்காலி நகரும் சத்தம், கதவு முனகும் சத்தம். வேடிக்கை முடிந்தது, போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளும் உள்ளே போய்ச் சுவரைத் தடவித் தடவி, விளக்கு சுவிட்சையும் விசிறி சுவிட்சையும் அணைத்தாள். யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் அணைத்தாள்.

திரும்பி வந்தபோது எல்லோரும் மறுபடி வாசலில் இருந்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்கியிருக்காது.

யாரும் அதிகம் பேசவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. தோற்றுப்போன மாதிரியும் இருந்தது.

ஏழரை தாண்டியிருக்கும். பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் 'ஹே' என்று கத்தினார்கள். அங்கே வந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு எப்போதுமே கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். தெருக்கோடிக் கம்பத்து விளக்கும் எரியாமல் ஒரு வாரம் ஆகிறது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

யாரோ ஒரு பிள்ளையை 'உஸ்' என்று அடக்கினார்கள்.

தொண்டை வறண்டிருந்தது. எழுந்து உள்ளே போனாள். கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிஜ்ஜைக் கையால் தேடிக் கண்டுபிடித்து, கதவை இழுத்தாள்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது.

பாட்டிலைத் தொட்ட கை அப்படியே நின்றது. ஃப்ரிஜ் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக?

திரும்பிப் பார்த்தாள். ஃப்ரிஜ் வெளிச்சம் கூடத்தைத் தாண்டி, திறந்த வாசல் வழியாகத் தெருவில் நீளமாய் விழுந்திருந்தது. அதற்கு அப்பால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. முசே வாசலிலும் இல்லை.

"ஏம்மா ஸமீஹா!"

எதிர் இருட்டிலிருந்து முசேயின் குரல் அதட்டியது.

"தெருவுலயே ஒன் வூட்லதான் வெளிச்சம் தெரியுது. மூடு அத. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குது!"