பாடத் தெரியாத சிடி

காரிலிருந்து கழற்றப்பட்ட நாளில் பழைய கேசட் பிளேயர் ஏதோ சொல்லிவிட்டுப் போனது. "உள்ளே வருகிறவனை முதலில்..." என்பதுவரைதான் புதிய சிடி பிளேயருக்கு நினைவிருந்தது. மீதியை "சந்தேகப்படு" என்று அதுவே நிரப்பிக்கொண்டது.

இப்போதெல்லாம் எந்த சிடியைப் போட்டாலும் பாட்டு திக்கியது.

"உடம்பெல்லாம் கீறல். போ வெளியே!" என்று நாலாவது சிடியையும் துப்பியது பிளேயர்.

"வீட்டுல நல்லாத்தானே பாடினேன் அண்ணே! உங்க லென்ஸ் கண்ணுல தூசியோ என்னமோ."

"என் கண்ணையே குறை சொல்றியா?"

கார்க்காரர் தாமோதரன் வேறொரு சிடியை எடுத்தார். "இதுக்கும் சரியாகலைன்னா நாளைக்குக் கழற்றிட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தார். அது பிளேயரின் காதிலும் விழுந்தது.

உள்ளே வந்த சிடியின் அடியில் சின்னதாக ஒரு பிரஷ் ஒட்டியிருந்தது.

"என்ன பாட்டு வெச்சிருக்கே?"

"எனக்குப் பாடத் தெரியாதுண்ணே. உங்க கண்ணைத் துடைக்க வந்தேன். அரை நிமிஷம் அசையாம இருங்க."

"பாடத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை? முள்ளு முள்ளா அது என்ன கையிலே?"

"பிரஷ்ஷுண்ணே. பூ மாதிரி இருக்கும்."

"குத்த வர்றவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான்."

பிளேயர் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதையும் வெளியே தள்ளியது.