ஆடி முகூர்த்தம்

காற்றாலைகள் நின்றால் மட்டுமே அனல்மின் நிலையத்தில் நெருப்பு மூட்டுவது என்று கம்பெனி முடிவெடுத்த பிறகு, கொதிகலன் ஆபரேட்டர் சுடலைமுத்துவுக்குக் காற்றடிக்கும் ஆடியில்தான் நிம்மதியான லீவு. மற்ற மாதங்களில் எந்த நிமிடமும் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் மகள் கல்யாணத்தையும் ஆடியிலேயே வைத்தார்.

"ஆடியில எவனாச்சும் தாலி கட்டுவானா?" சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மத்த மாசம்னா கன்னிகாதானம் பண்ண நான் இருக்க மாட்டேனே, சம்பந்தி."

மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கியபோது பந்தல் துணியின் படபடப்பு அடங்கியது. காற்று நின்றுவிட்டது. கம்பெனியின் செய்தி வந்து சுடலைமுத்துவின் வாட்ச் அதிர்ந்தது. மேளக்காரர்கள்கூட வாசிப்பதை விட்டு அவரையே பார்த்தார்கள்.

"அணையத் தொறந்து தண்ணியில கரண்டு எடுக்காவளாம். நான் வர வேண்டாமாம்."

"கெட்டிமேளம்!" என்று முதலில் கத்தியவர் சம்பந்திதான்.