ரயில் யாருக்கு?

"படத்துல ரயில் மேல நின்னு சண்ட போட்டது எங்க அண்ணன். ரயிலு எங்க அண்ணனுக்குத்தான்!" புருஷோத்தமன் டீக்கடை பெஞ்சில் ஓங்கி அடித்தான்.

"உங்க அண்ணன் எங்கடா நின்னாரு? டூப்புதானே நின்னான்!" எதிர் பெஞ்சிலிருந்து பதில் பறந்து வந்தது.

ரெட்டியார்பாளையத்தில் நாராயணசாமி கடையில் கொஞ்ச நாளாகவே இதே ரகளைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா, பக்கத்துச் சவுக்குத் தோப்பையும் வாங்கிப் பெரிதாகிறது. தலைகீழாகச் சுற்றும் ரயில் ஒன்று வரப்போகிறது. அதை நடிகர் ராஜவர்மன் படத்தை வைத்துக் கட்டுவதா, சந்தீபன் படத்தை வைத்துக் கட்டுவதா என்று இரண்டு ரசிகர் மன்றங்களும் முட்டிக்கொண்டன.

"படமே வேணாம்ப்பா. இருக்கற ராட்டினத்துக்கு எண்ணெய் போடச் சொல்லுங்க" என்று நாராயணசாமி ஒருநாள் சொல்லிப் பார்த்தார். இரண்டு கோஷ்டிகளும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தன. அன்றிலிருந்து அவர் டீ ஆற்றுவதோடு சரி.

ராஜவர்மன் மன்றத் தலைவன் கன்னியப்பன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, கம்பெனி வேலை என்று சொல்லிக்கொண்டு காலையில் டெம்போ ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலித்தது. ஒரு டீயும் ஒரு தூக்கமும் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"இன்னாண்ணே, தலைவர்னு சொல்லிக்கினு தூங்கறே?" புருஷோத்தமன் அவன் தோளை உலுக்கினான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. தீர்ப்பு நாளு. மறந்துட்டியா?"

எப்படி மறப்பான்? பூங்கா மேனேஜர் சாமர்த்தியசாலி. இரண்டு நடிகர்களைப் போலவும் பெரிய தலை வைத்த பொம்மை உடுப்பு தைத்து, ஆள் போட்டு ஆடவிட்டிருந்தார். ஞாயிறன்று எந்தப் பொம்மையைச் சுற்றிக் குழந்தைகள் அதிகம் கூடுகிறார்களோ அந்த நடிகருக்கே ரயில். தோற்ற பொம்மையையும் அதற்குள் ஆடுகிறவனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எதிர் பெஞ்சிலிருந்து சந்தீபன் மன்றத் தலைவன் வெற்றிவேல் எழுந்தான். அவனும் அதே மில்லில் இருந்தவன்தான். "யோவ் கன்னியப்பா, எங்க ஆளு பொம்ம ஆடறதப் பாத்தியா? புள்ளைங்க கால கட்டிக்கினு வுட மாட்டேங்குது. உங்க ஆளு பொம்ம ஒரு ஓரமா நின்னு ஈ ஓட்டுது!"

"வாய மூடு வெற்றிவேலு. நானே நொந்து போயிருக்கேன்."

"சந்தீபன் பொம்மைக்குள்ள எவனோ ஒருத்தன் இருக்கான் பாரு, அவன் கால ஒடைச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்றான் புருஷோத்தமன். "காலையில நாலு பேரு போறோம். நீ முன்னாடி நிக்கற."

"அவன் வயித்துப் பொழப்புக்கு ஆடறான்டா. அவன அடிச்சு இன்னா ஆவப் போவுது?"

"வயித்துப் பொழப்புக்கு ஆடறவன் அவ்ளோ ஜோரா ஆடுவானா? அவன் சந்தீபன் வெறியன்ண்ணே!"

கன்னியப்பன் பெருமூச்சு விட்டான். இருபது வருஷமாக ராஜவர்மன்தான் அவனுக்கு எல்லாம். கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற ஏறி, விழுந்து, கை உடைத்துக்கொண்டவன் அவன். அந்த ரயிலில் எதிராளியின் முகம் ஏறிவிட்டால் இத்தனை வருஷமும் வீண்தான்.

"அடிதடி வேணாம். நான் மட்டும் போயி அவன்கிட்ட பேசறேன்."

"பேசி அவன் கேக்கலன்னா?"

"மன்றத்த நீ எடுத்துக்கோ. நான் ஒதுங்கிக்கறேன்."

புருஷோத்தமன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வெற்றிவேலும் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் டெம்போவிலேயே கன்னியப்பன் போய்விட்டான். பூங்காவின் முன்வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, பொம்மைக்காரர்கள் உடுப்பு மாற்றும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தான். உள்ளே வெற்றிவேல் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேருமே சண்டை போடத் தெம்பில்லாதவர்கள் போலிருந்தார்கள்.

"தொண்ட கட்டிக்கிச்சு" என்றான் வெற்றிவேல்.

"அந்தக் கத்து கத்துனா?"

"பசங்க எதிர்ல கத்தாம இருக்க முடியுமாய்யா? நீ பேசறேன்னு சொல்லிட்டு வந்தியே, இன்னா பேசப் போற?"

"இன்னாத்தப் பேசறது. நல்லா ஆடினாலும் தப்பு, ஆடாட்டியும் தப்பு."

வாசலில் மேனேஜர் கைதட்டினார். "சீக்கிரம் வாங்கப்பா, கேட்ட தொறந்தாச்சு!"

வெற்றிவேல் எழுந்தான். "எங்க அண்ணன் ஜெயிக்கணும்னு ஊரெல்லாம் கத்தறேன். ஆனா அவரு ஜெயிச்சா நாளையிலேந்து எனக்கு வேல இல்ல, கன்னியப்பா."

"எனக்கு மட்டும் இன்னா? எங்க அண்ணன் ஜெயிச்சா நானும் வீட்டுக்குத்தான்."

ஆள் எடுத்த அன்று மேனேஜர் உயரத்தை மட்டும்தான் பார்த்தார். யார் எந்த மன்றம் என்று கேட்கவில்லை. நெட்டைக் கன்னியப்பன் சந்தீபனின் பெரிய தலையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, ராஜவர்மனுக்குள் புகுந்துவிட்ட குட்டை வெற்றிவேலின் முதுகு நாடாவைக் கட்டிவிட ஆரம்பித்தான்.