சேதி சொல்லாத வலை

கொதிகலனின் சூட்டைச் சொல்லும் வெப்பமானிக்கு மெல்லிய குரல். பக்கத்திலேயே மோட்டார் ஓயாமல் கத்தும். அந்தக் கூச்சலையெல்லாம் தன்மேல் வாங்கி மண்ணில் இறக்கிவிட, வெப்பமானியிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு செப்புவலை இருந்தது.

"இத்தனை நாளில் எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்குமா இந்த வலை? தண்டச்சோறு! வெட்டியெறிங்க!" என்று ஆட்களை ஏவியது மீட்டர். பேச்சு தன்னைப் பற்றி இல்லையே என்று வெப்பமானி வாயைத் திறக்கவில்லை.

வலை போனதும் மோட்டாரின் கத்தல்தான் மீட்டரின் காதில் விழுந்தது. முள் தாறுமாறாக ஆடியது. "சூடு ஏறலைங்க, அது மோட்டார் சத்தம்" என்று வெப்பமானி கெஞ்சியது எடுபடவில்லை. "புளுகுணி!" என்று அதையும் கழற்ற வைத்தது மீட்டர்.

பழைய இரும்புக் கூடையில், வெட்டுப்பட்ட வலையின் மேலேயே போய் விழுந்தது வெப்பமானி.

வலை கேட்டது: "என்னை வெட்டச் சொன்னப்ப உன் குரல் மீட்டருக்கு நல்லாத்தானே கேட்டுச்சு?"