படகு போட்ட பட்டு

“அடிப்பாவி! அது பொணப்பெட்டி மேல போர்த்தற பட்டுடீ. அதையா சம்பந்தியம்மா மடியில வச்சே?”

நாத்தனார் தொங்வன் காதைக் கடித்ததும் செங்தாவுக்குக் கை கால் ஓடவில்லை.

கல்யாணப் பெண் துணி நெய்து மாமியாருக்குக் கொடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மகள் கேசோன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் புகுந்த வீட்டுப் பெட்டியில் கிடந்த பழம்பட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள் செங்தாவ். அவள் மேகோங் கரையில் பிறந்தவள். வடக்கு லாவோஸின் இந்த சாம் நுவா மலைக்காரர்கள் எதற்கு எதை நெய்வார்கள் என்று அவள் என்ன கண்டாள்?

“முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணி?”

“நீ காட்டியிருந்தாத்தானே?”

மாப்பிள்ளையின் பெரியப்பா நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். சகுனம் பார்ப்பதில் பொல்லாத மனுஷர். பூசையில் வைத்த அவித்த முட்டையை உரித்தபோது குழி விழுந்திருந்தது என்று ஒரு கல்யாணத்தையே நிறுத்தியவர்.

“பழசா இருக்கே. ஏம்மா சன்பெங், நீதான் தறிக்கார ஊராச்சே. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லு, கேப்போம்.”

சம்பந்தியம்மா சன்பெங் பட்டை விரித்தாள். விரலால் தடவினாள்.

செங்தாவ் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. கேசோன் வாழ்க்கையே போச்சு.

“இது படகு மாமா,” என்றாள் சன்பெங். “ரெண்டு பக்கமும் நாகம் துணைக்குப் போகுது. இருந்த வீட்டை விட்டுக் கெளம்பினவ, வழி தவறாம புது வீடு போய்ச் சேரணும்னு நெய்யறது. கல்யாணத்துக்கு இதைவிட என்ன வேணும்?”

“அப்பச் சரி. சட்டுபுட்டுன்னு நூலைக் கட்டுங்கப்பா, பசி உயிர் போகுது!”

எல்லோரும் சிரித்தார்கள். பெண் மாப்பிள்ளை மணிக்கட்டுகளில் ஆசி சொல்லிக் கட்டும் வெள்ளை நூல் ஏறியது. கூடை கூடையாக ஒட்டரிசிச் சோறு வந்தது. செங்தாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தொங்வன் வாய் சும்மா இருக்குமா?

“தறிக்கார ஊராம்! பொணத்துக்கு எது, பொண்ணுக்கு எதுன்னு தெரியல. என்னத்த நெய்து கிழிச்சாளோ! உன் நல்ல நேரம், ஒரு மண்ணும் தெரியாதவ சம்பந்தியா வாய்ச்சா.”

“தெரியாம இருந்தாளே, அவ மகராசியா இருக்கட்டும் அண்ணி.” செங்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது சன்பெங் தனியாக வந்தாள். துண்டில் சுற்றிய பட்டைச் செங்தாவ் கையில் திணித்தாள்.

“உள்ள வச்சுப் பூட்டுங்க சம்பந்தி. கேசோனுக்குக் கை சரியாகட்டும், நிதானமா ஒண்ணு நெய்து கொடுத்தாப் போதும்.”

“ஏன், இது பிடிக்கலையா?”

“பிடிக்காம என்ன? எங்கம்மா போனப்போ பெட்டி மேல போர்த்த, இதே படகை நெய்தவளே நான்தான்.”