இறுக்கினால் ஒழுகும்

"ஆயில் ஒழுகுதேன்னு நானே ஒரு கை பார்த்தேம்மா. பழைய கேஸ்கெட்டைக் கழட்டிட்டுப் புதுசு போட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இறுக்கினேன். இப்ப முன்னைவிட அதிகமா ஒழுகுது" என்றார் பெரியவர்.

மெக்கானிக் அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு, பாதி வேலையில் இருந்த வேறொரு காரின் பானெட்டை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பெரியவரின் கார் நாற்பது வருடப் பழசு. என்ஜினின் உச்சியை மூடியிருக்கும் வால்வு கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்து, கீழே கொதித்துக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டியது. சொட்டு விழும்போதெல்லாம் நீலமாகப் புகை எழுந்தது. தீய்ந்த ஆயில் வாடை காருக்குள்ளும் அடித்தது.

அந்த வாடைதான் பெரியவரின் கவலை. நுரையீரல் கோளாறால் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவியை இன்று மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புகை கிட்டேயே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்சியில் கூட்டிப்போகலாமே என்று அக்கா கேட்டாள்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. திரும்பி வர்றப்ப நம்ம வண்டியிலதான் வருவேன்னு. சரின்னு சொல்லிட்டேம்மா."

மணி பதினொன்று. அக்கா ஸ்பேனரை எடுத்தாள்.

முதலில் பிளக் ஒயர்களில் எண் எழுதிய துண்டு டேப்பை ஒட்டிக் கழற்றினாள். பிறகு போல்ட்டுகள். கவரைத் தூக்கியதும், உள்ளே தூசி விழாமல் இருக்கச் சுத்தமான துணியைத் திணித்தாள். ஆயில் கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கார்க் கேஸ்கெட், போல்ட் இருந்த இடங்களில் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. தகரக் கவரின் விளிம்பு அங்கெல்லாம் பள்ளமாகி, இடையிடையே மேடாகியிருந்தது. அந்த மேட்டின் அடியில்தான் ஆயில் வழி கண்டுபிடித்திருக்கிறது.

"இறுக்க இறுக்க நிக்கும்னு நெனைச்சிருக்கீங்க. இது இறுக்கினா ஒழுகும் சார்."

பெரியவர் மார்க் குறைந்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா இவ்வளவு பேசினதையே பெருசா எடுத்துக்குங்க சார். அக்காகிட்ட வந்தா வண்டிதான் வாயைத் திறக்கும், அக்கா திறக்காது" என்றுவிட்டுப் போனார்.

விளிம்பை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டி நிமிர்த்தினாள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, புது கேஸ்கெட்டைக் கவரில் ஒட்டி, ஒட்டியது காயும்வரை மேலே கனம் வைத்தாள். காத்திருந்த நேரத்தில் பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, உட்கார நாற்காலியும் போட்டாள். அடுத்தவர் வேலையை நிறுத்திவிட்டு இதையெல்லாம் செய்கிறாயே என்று அவர் சங்கடப்பட்டார். அந்த வண்டிக்காரர் நாளைக்குத்தான் வருவார் என்று அவள் முடித்துக்கொண்டாள்.

மறுபடி மாட்டும்போது அவர் கண்கொட்டாமல் பார்த்தார். நடு போல்ட்டில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி ஓரத்துக்குப் போனாள். ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுதான். மறுபடி நடுவிலிருந்து, மறுபடி கால் சுற்று. கேஸ்கெட் லேசாக அமுங்கியதுமே கையை எடுத்துவிட்டாள்.

மணி மூன்று. என்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. பத்து நிமிடம் சூடாக விட்டு, கவரின் ஓரம் முழுக்க வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை என்றார்.

"நன்றி நான்தான் சார் சொல்லணும்."

தொழில் தெரிந்தவர்களின் பணிவு என்று நினைத்துக்கொண்டார் அவர். இருந்தாலும் மனது கேட்கவில்லை. ரோட்டில் ஓடும்போது வாடை வருமோ என்று பயந்தார். "என் மூக்கை நான் நம்பலைம்மா. நீ ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லிடேன்."

அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள் அக்கா. மேட்டில் ஏறி, திருப்பத்தில் திரும்பி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு என்ஜினையே கேட்டாள். வாடை இல்லை, புகை இல்லை. பட்டறை வாசலில் இறங்கியதும், அம்மாவைத் தைரியமாகக் கூட்டி வாருங்கள் என்றாள்.

"அது சரி, நீயே ஓட்டிப் பார்த்திருக்கலாமே?"

"எனக்கு லைசென்ஸ் கிடையாது சார். இருபது வருஷம் முன்னாடி அஞ்சு தடவை டெஸ்ட்டுக்குப் போனேன். அஞ்சு தடவையும் பெயில்."

பெரியவர் சிரித்தேவிட்டார். "யாரும்மா அந்தக் கல்நெஞ்சக்கார இன்ஸ்பெக்டர்?"

"நல்ல மனுஷன் சார். கடைசித் தடவை பாரத்துல ஒரு வரி எழுதினாரு. 'இந்தப் பெண்ணின் கவனம் சாலையில் இல்லை, என்ஜின் சத்தத்தில் இருக்கிறது'ன்னு. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் இந்தப் பட்டறையில வேலை கேட்டேன்."

அவர் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அடியில உங்க கையெழுத்து இருந்துச்சு சார்."